பனியால் போன பள்ளி நாட்களை ஜூனில் நீட்டித்து ஈடுசெய்வதால் பிள்ளைகளுக்குப் பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் பாஸ்டன் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறார். பள்ளி ஜூன் 18 அன்று முடியும் என்று நம்பி ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார். குளிர்காலத்தில் ஐந்து நாள் பள்ளி மூடியதால் கடைசி நாள் இப்போது 25க்குப் போய்விட்டது. அந்த ஒரு வாரம் போகாவிட்டால் என்ன நஷ்டம், உண்மையில் அதில் ஏதாவது சொல்லித் தருகிறார்களா என்று கேட்கிறார்.

நான் பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் இங்கேதான் படித்தார்கள். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாநிலத்தில் பள்ளி 180 நாள் நடந்தாக வேண்டும். அதற்காக நாட்காட்டியில் 185 நாள் குறித்து வைப்பார்கள். கூடுதல் ஐந்தும் பனி மாதிரி எதிர்பாராத காரணங்களுக்காக. பனி குறைவாக இருந்தால் அவை ஜூன் கடைசியிலிருந்து கழன்றுவிடும். எங்கள் பள்ளியில் ஆண்டுத் தொடக்கத்தில் தரும் நாட்காட்டியிலேயே கடைசி நாளுக்கு இரண்டு தேதி போட்டிருப்பார்கள். டிக்கெட் எடுக்கும்போது பிந்தைய தேதியைத்தான் பார்க்க வேண்டும். புதிதாக வரும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஐந்தும் போதாமல் போன ஆண்டு 2015. அந்தக் குளிர்காலத்தில் பாஸ்டனில் மொத்தம் 110.6 அங்குலம் பனி பெய்தது, ஒன்பது அடிக்கும் மேல். பிப்ரவரியில் மட்டும் 64.8 அங்குலம். ஜனவரி கடைசியில் ஆரம்பித்து, ஒரு புயலின் பனியை வாரி முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தால் பள்ளியிலிருந்துதான் என்று எடுக்காமலே தெரியும். என் சின்னவள் முந்தைய இரவே பைஜாமாவை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தலையணைக்கு அடியில் கரண்டி வைத்துப் படுப்பாள். அப்படிச் செய்தால் மறுநாள் ஸ்னோ டே வரும் என்பது இங்கே பிள்ளைகளின் நம்பிக்கை. அந்த ஆண்டு பிப்ரவரி நடுவில் அவளே கரண்டியைச் சமையலறையில் திருப்பி வைத்துவிட்டாள். நகரம் வாரிக் கொட்டிய பனிமலைகளில் கடைசியானது ஜூலை 14 அன்றுதான் முழுசாகக் கரைந்தது. எங்கள் பள்ளி ஜூன் 26 வரை நடந்தது.

அந்தக் கடைசி வாரம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பழைய கட்டடம், ஏசி கிடையாது. இரண்டு மின்விசிறி. புத்தகங்களை எண்ணிக் கட்டி அலமாரியில் பூட்டியாயிற்று. மதிப்பெண்களும் பதிந்தாயிற்று. சுவரில் ஒட்டிய படங்களைக்கூடக் கழற்றிவிட்டோம். எங்கள் அறையில் 22 பிள்ளைகள், வந்தவர்கள் 13 பேர். படம் போட்டோம், வண்ணம் அடிக்க விட்டோம், வெளியே நீர் தெளிப்பான் வைத்து ஓட விட்டோம். பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பிப்ரவரியில் விட்டுப்போன ஒரு பாடமும் அந்த வாரத்தில் திரும்பி வரவில்லை.

தேர்வுகள் எப்போது வருகின்றன என்று பார்த்தால் இது இன்னும் புரியும். மாநிலத் தேர்வான எம்காஸ் வசந்த காலத்திலேயே வந்துவிடும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரித் தரப் பாடங்களுக்கு எழுதும் ஏபி தேர்வுகள் நாடு முழுக்க மே மாதத் தொடக்கத்தில். ஜூனில் சேர்த்த நாள் எதுவும் இந்தத் தேர்வுகளுக்கு உதவாது. மேரிலாந்தில் மார்காட், ஹெமெல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுத் தரவுகளில் பார்த்தார்கள். சராசரியாக ஐந்து நாள் மூடிய ஆண்டுகளில், மூன்றாம் வகுப்பில் தேறியவர்களின் அளவு ஏறக்குறைய 3 சதவீதம் குறைந்திருந்தது. மூடிய நாட்கள் பிறகு ஈடுசெய்யப்பட்டன, ஆனால் தேர்வு முடிந்த பிறகு.

மாசசூசெட்ஸ் பள்ளிகளின் தரவை வைத்து ஜோஷுவா குட்மன் 2014இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது. பள்ளி முழுசாக மூடிய நாட்களால் மதிப்பெண் குறையவில்லை, பிள்ளைகள் தனித்தனியாக வராமல் போன நாட்களால்தான் குறைந்தது என்றார். இதை நான் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். எல்லோரும் சேர்ந்து ஒரு நாளை இழந்தால், ஆசிரியர் அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். பனி கொட்டும்போது பள்ளியைத் திறந்து வைத்து, பாதிப் பேர் வந்தால், அன்று புதிய பாடம் எடுக்க முடியாது. எடுத்தாலும் மறுநாள் வராதவர்களுக்காக மறுபடி எடுக்க வேண்டும். அதனால் பள்ளியை மூட அஞ்ச வேண்டாம் என்பது என் கட்சி.

அப்போ நீட்டிப்பே தேவையில்லையா? அப்படிச் சொல்ல என் மனம் ஒப்பாது. என்னைப் போன்றவர்களுக்குச் சம்பளம் வேலை செய்த நேரத்துக்குத்தான். பள்ளி மூடினால் அன்றைய சம்பளம் இல்லை. அது ஜூனில்தான் வந்து சேரும், பிப்ரவரி வாடகை அதுவரை காத்திருக்காது. ஆனாலும் வந்து சேருகிறதே. சமையலறையிலும் பேருந்திலும் வேலை செய்பவர்களில் பலருக்கும் இதே நிலைதான். அப்புறம் சாப்பாடு. நான்கு நாள் மூடலுக்குப் பிறகு வந்த ஒரு பையன், காலை உணவை முடித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவன் தொடாத தட்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் மறக்கவில்லை. அவனுக்குப் பள்ளி திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் வேண்டும், ஜூன் 26ஆம் தேதியும்தான்.

வீட்டிலிருந்தே கணினியில் வகுப்பு நடத்தலாமே என்பார்கள். நியூயார்க் நகரம் அப்படிச் செய்திருக்கிறது. எங்கள் மாநிலம் அதைப் பள்ளி நாளாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆறு வயதுப் பிள்ளையைத் திரை முன்னால் உட்கார வைத்த அனுபவம் கோவிட் காலத்திலேயே எனக்குப் போதும்.

எனக்குத் தோன்றும் வழி வேறு. விட்ட நாளை, விட்ட காலத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் மழை விடுமுறை விட்டால், பின்னால் வரும் சனிக்கிழமைகளில் பள்ளி வைத்துவிடுவார்கள் இல்லையா, அதே யோசனைதான். இங்கே சனிக்கிழமை நடக்காது. ஆனால் கனெக்டிகட்டில் பல ஊர்களில், பனி அதிகமானால் ஏப்ரல் விடுமுறையிலிருந்து நாள் எடுப்போம் என்று நாட்காட்டியிலேயே போட்டிருப்பார்கள். முன்கூட்டியே தெரிந்தால் யாரும் பயணத்துக்குப் பணம் கட்டி ஏமாற மாட்டார்கள்.

இங்கேயும் அப்படிச் செய்யுங்கள் என்று எங்கள் ஊர்ப் பள்ளிக் குழுக் கூட்டத்தில் பேசினேன். பொதுமக்களுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். ஏப்ரல் விடுமுறையைத் தொட அவர்கள் சம்மதிக்கவில்லை, ஆசிரியர்களுடன் போட்ட ஒப்பந்தம் குறுக்கே நின்றது. ஆனால் இன்னொன்றை ஏற்றுக்கொண்டார்கள். நீட்டித்த ஆண்டில் மதிப்பெண் பதிவைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது, கடைசி இரண்டு நாள் வரை புத்தகங்களைக் கட்டாமல் வைப்பது. அடுத்து பனி அதிகமாகப் பெய்த ஆண்டில், ஜூன் மூன்றாம் வாரம், எங்கள் மூன்றாம் வகுப்பில் பின்னங்களை முதலிலிருந்து எடுத்தோம். பிப்ரவரியில் துண்டு துண்டாகப் போன பாடம் அது. அதே பழைய அறை, அதே இரண்டு மின்விசிறி. வந்திருந்தவர்கள் 19 பேர்.

அதனால் டிக்கெட்டை மாற்றுவதற்கு முன், உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் ஒரு மின்னஞ்சலில் கேளுங்கள்: பனியால் எந்தப் பாடம் விட்டுப்போனது, அதைக் கடைசி வாரத்தில் எடுக்கிறீர்களா? எடுப்பதாகச் சொன்னால், முடிந்தவரை இருந்துவிட்டுப் போங்கள். இல்லை என்றால், அந்தப் பாடத்தின் பயிற்சித் தாள்களைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் வையுங்கள். எங்கள் பள்ளியில் கேட்ட யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.