சந்தேகம் என்றால் டவுட்டா, சஸ்பெக்ட்டா?

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குத் தினமும் மெயில் எழுதும் வேலை எனக்கு. ஒரு இன்வாய்ஸில் இரண்டாவது வரி புரியாமல் 'ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் இன்வாய்ஸ்' என்று எழுதினேன். அவர் கோபித்துக்கொண்டதாக மேலாளர் சொல்கிறார். டவுட் என்றால் சந்தேகம்தானே? சே-டெல், பாரோ-லெண்ட், ஹியர்-லிசன் என்று எல்லாவற்றிலும் இதே குழப்பம். அகராதியில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் இருக்கிறது. ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்துவிடட்டுமா?

பதில்: மனப்பாடம் வேண்டாம், ஒரு வாரத்தில் மறந்துபோகும். அகராதி உங்களை ஏமாற்றவும் இல்லை. டவுட் என்றால் சந்தேகம்தான். சிக்கல் நம்முடைய 'சந்தேகம்' என்ற சொல்லில் இருக்கிறது.

வகுப்பில் கையைத் தூக்கி 'சார், ஒரு சந்தேகம்' என்றால் புரியாத இடம் ஒன்று இருக்கிறது என்று பொருள். 'அவன் மேல் எனக்குச் சந்தேகம்' என்றால் நம்பிக்கை இல்லை என்று பொருள். ஒரே சொல்லுக்குள் இரண்டும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. ஆங்கில டவுட்டில் இரண்டாவது மட்டும்தான் உண்டு. நீங்கள் எழுதியதை அவர் 'உங்கள் பில்லை நான் நம்பவில்லை' என்று படித்திருப்பார். இந்திய ஆங்கிலத்தில் டவுட்டுக்குக் கேள்வி என்ற பொருள் ஊறிப்போய்விட்டது, அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு எழுதும்போது கொஸ்டின் என்றே எழுதுங்கள்.

சரி, சஸ்பெக்ட்டுக்கு வருவோம். இதற்கும் அகராதியில் சந்தேகப்படு என்றுதான் இருக்கும். ஆனால் வாக்கியத்தில் வைத்தால் டவுட்டுக்கு நேர் எதிராகப் போகும். 'ஐ டவுட் ஹி பெய்ட்' என்றால் அவர் பணம் கட்டியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். 'ஐ சஸ்பெக்ட் ஹி பெய்ட்' என்றால் கட்டியிருப்பார் என்றே தோன்றுகிறது. இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'கட்டியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.' 'கட்டியிருப்பாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.' முதல் வாக்கியம் இல்லை என்ற பக்கம் சாய்கிறது, இரண்டாவது ஆம் என்ற பக்கம். ஆங்கிலம் இரண்டு தனிச் சொற்களை வைத்துச் செய்கிற வேலையை நாம் ஒரு ஆகாரத்திலும் ஓகாரத்திலும் முடித்துவிடுகிறோம்.

உங்களுக்கு நான் சொல்ல வருவதும் இதுதான். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று தேடினால் ஜோடிகள் ஒன்றாகத்தான் தெரியும். அந்த வேறுபாட்டை நாம் எந்தத் தொடரில் சொல்கிறோம் என்று தேடுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். 'கேள்' என்ற ஒரு சொல்லுக்கே ஆஸ்க், ஹியர், லிசன் என்று மூன்று இருக்கின்றன. ஹியர் என்றால் காதில் விழுவது, லிசன் என்றால் காது கொடுத்துக் கேட்பது. பக்கத்து அறையில் பேசுவது காதில் விழுந்தது என்றால் ஹியர், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டீர்கள் என்றால் லிசன். சீ என்பது கண்ணில் படுவது, லுக் என்பது கண்ணைத் திருப்பிப் பார்ப்பது, வாட்ச் என்பது என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது. 'படி'யும் இப்படித்தான். 'மூன்று மாதம் படித்தேன், ஒன்றும் ஏறவில்லை' என்பதில் படித்தது ஸ்டடி, ஏறாமல் போனது லேர்ன்.

பாரோ-லெண்ட் இன்னும் சுலபம். கடன் வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட். 'கடன்' என்பதோடு நிறுத்தி மனதில் பதித்துக்கொண்டதால்தான் 'கேன் யூ பாரோ மீ யுவர் பென்' என்று வருகிறது. அங்கே வரவேண்டியது லெண்ட். பாரோதான் வேண்டுமென்றால் 'கேன் ஐ பாரோ யுவர் பென்' என்று உங்களை முன்னால் வைத்துக் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத பிரிங்-டேக் ஜோடியையும் சொல்லிவிடுகிறேன், அதில் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். தருவதும் வருவதும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. அதனால்தான் 'உங்களிடம் வருகிறேன்', 'அவரிடம் போகிறேன்' என்கிறோம். 'உங்களிடம் ஃபைலைக் கொண்டு வருகிறேன்' என்றால் பிரிங். 'அவரிடம் கொண்டு போகிறேன்' என்றால் டேக். தமிழில் எது வாயில் வருகிறதோ அதை நம்பி எழுதலாம், அநேகமாகச் சரியாகவே இருக்கும்.

இந்த வழி கைகொடுக்காத ஜோடிகளும் உண்டு. சே, டெல் இரண்டுமே நமக்குச் 'சொல்'தான், எந்தத் தொடரும் உதவாது. அங்கே அடுத்து வரும் சொல்லைப் பாருங்கள். டெல்லுக்குப் பின்னால் பொதுவாகக் கேட்பவர் உடனே வந்துவிடுவார்: 'ஹி டோல்ட் மீ'. சே என்றால் இடையில் ஒரு 'டு' வேண்டும்: 'ஹி செட் டு மீ'. உண்மை, பொய், கதை போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஆள் இல்லாமலே டெல் வரும்.

அப்புறம், பை-பர்ச்சேஸ், பிகின்-கமென்ஸ், ஆஸ்க்-என்குவயர் போன்றவை. இவற்றில் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், தொனிதான் வேறு. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு அரசவை மொழியானது. வீட்டில் பழைய சொல்லும் மேலிடத்தில் பிரெஞ்சுச் சொல்லுமாக இரண்டும் தங்கிவிட்டன. 'தொடங்கு', 'ஆரம்பி' மாதிரி என்று நினைக்க வேண்டாம். கமென்ஸ் நம் அரசாணைத் தமிழ் போல விறைப்பாக இருக்கும். மெயிலில் பிகின், பை, ஆஸ்க் போதும். பெரிய சொல்லாகப் போட்டால் மரியாதை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, தூரம்தான் கூடுகிறது.

அகராதி வாங்குவதானால் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதிய ஆங்கில-ஆங்கில அகராதியாக வாங்குங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி தொகுத்து 1942-இல் டோக்கியோவில் வெளியானது இவ்வகைக்கு ஒரு முன்னோடி. இவற்றில் பொருளை விட்டுவிட்டு உதாரண வாக்கியங்களை முதலில் படியுங்கள்.

அந்த வாடிக்கையாளருக்கு நீளமாக விளக்கம் எழுத வேண்டாம். 'ஐ மென்ட் எ கொஸ்டின், நாட் எ டவுட்' என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே, எந்தத் தொகை புரியவில்லை என்று கேட்டுவிடுங்கள்.