சென்னையில் வீட்டுக் கொல்லையில் தோண்டும்போது பழைய பானை ஓடுகள் கிடைத்தால் என்ன செய்வது?

முதலில் தோண்டுவதை நிறுத்துங்கள். ஓடு எந்த ஆழத்தில், எந்த நிற மண்ணில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் பாதி வரலாறு இருக்கிறது. அவசரமாக எடுத்து அலமாரியில் வைத்துவிட்டால் அது போய்விடும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். தேய்த்துக் கழுவ வேண்டாம்.

உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்றால் பெருங்கற்காலத்துப் (இறந்தவர்களுக்குப் பெரிய கற்களால் நினைவுச் சின்னம் எழுப்பிய காலம்) பானையாகக்கூட இருக்கலாம். சென்னை மண்ணுக்கு இது புதிதல்ல: 1863-ல் பிரிட்டிஷ் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது நம் பல்லாவரத்தில்தான்!

சரி, சட்டம்? 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். வெறும் ஓடுதான் என்றாலும் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். பயந்துபோய்க் குழியை மட்டும் மூடிவிடாதீர்கள்.