நடிக்க வேண்டாம், தங்கையே

கேள்வி: நான் வேண்டாம் என்று மறுத்த ஒருவன், இப்போது என் அண்ணனோடு நட்பாகி தினமும் வீட்டுக்கு வந்துபோகிறான். அம்மாவுக்கு அவன் தங்கமான பிள்ளை. தனியாகச் சிக்கினால், "நீ சொன்னா யாரு நம்புவா?" என்று சிரிக்கிறான். ‘மூன்று முடிச்சு’ பார்த்ததிலிருந்து ஒரே யோசனை. நானும் சம்மதிப்பதுபோல் நடித்து அவனை மாட்டிவிடலாமா?

- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 1976இல் பாலசந்தர் எடுத்த அந்தப் படத்தில், ஏரியில் விழுந்த காதலனைக் காப்பாற்றச் சொல்லி செல்வி கதறுகிறாள். கூடவே இருந்த காதலனின் நண்பன் பிரசாத், செல்விமேல் ஆசை வைத்தவன், அசையவே இல்லை. அவன் எப்படிப்பட்டவன் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். உங்கள் நிலையும் அதுதான். பிறகு செல்வி, பிரசாத்தின் அப்பாவையே மணந்து, அவனுக்குத் தாய் முறையாகி வந்து நிற்கிறாள். தியேட்டரில் கைதட்டலாம். ஆனால் அவனை அடக்க அவள் கொடுத்த விலை அவளுடைய வாழ்க்கை. (படம் வந்தபோது, செல்வியாக நடித்த ஸ்ரீதேவிக்கு வயது 13தான். அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.)

நீங்கள் நடித்தால் என்ன ஆகும்? சம்மதம் என்று நீங்கள் அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். நாளை அதைத்தான் அவன் அண்ணனிடம் நீட்டுவான். விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. அந்தத் தெளிவான மறுப்புதான் உங்கள் பலம். அதை நீங்களே குலைத்துவிடாதீர்கள்.

"எனக்கு விருப்பமில்லை, இனி என்னிடம் பேச வேண்டாம்" என்று ஒரே ஒரு முறை எழுதி அனுப்புங்கள். அதற்குமேல் பதில் போடாதீர்கள். அவன் என்ன அனுப்பினாலும் அழிக்காமல் வைத்திருங்கள். நேரில் சொன்னதைத் தேதி, நேரத்தோடு அன்றன்றே குறித்துவையுங்கள்.

அவனுடைய பேச்சில் மயங்காத ஒருவர் வீட்டில் இருப்பார். அண்ணியோ, சித்தியோ, அவரிடம் முதலில் சொல்லுங்கள். பிறகு அவரையும் வைத்துக்கொண்டு அண்ணனிடம் பேசுங்கள். "அவன் கெட்டவன்" என்று ஆரம்பித்தால் நண்பனுக்குப் பரிந்து பேசத்தான் தோன்றும். குறித்துவைத்ததை அப்படியே படித்துக் காட்டுங்கள். அதற்கும் அண்ணன் தயங்கினால், அவர் மனம் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மகளிர் உதவி எண் 181, 24 மணி நேரமும் உண்டு. அழையுங்கள்.