கிலியட்டில் யார் பாடுவது?

அன்புள்ள ஐயா,

மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் நாவலை வாங்கிப் படித்தேன். தொலைக்காட்சித் தொடரையும் பார்த்துவிட்டேன். அப்புறம்தான் அது ஓபராவாகவும், அதாவது முழுக்கப் பாடியே நடத்தும் மேற்கத்திய இசை நாடகமாகவும், வந்திருப்பது தெரிந்தது. இணையத்தில் ஒரு சின்னத் துண்டு கிடைத்தது. சிவப்பு அங்கி போட்ட கதாநாயகி மேடை நடுவில் நின்று உச்சக் குரலில் பாடுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிலியட் என்பது பெண்களைப் பிள்ளை பெற்றுக்கொடுக்கும் அடிமைகளாக வைத்திருக்கும் சர்வாதிகார நாடு. மூச்சுவிடவே பயப்பட வேண்டிய அங்கே இப்படித் தொண்டை கிழியப் பாடினால் அடுத்த நிமிடம் ரகசியப் போலீஸின் கறுப்பு வேன் வந்து நிற்காதா? நாவல் முழுக்க அவள் நம் காதோடுதான் பேசுகிறாள். அதை அரங்கமே அதிரும்படி பாடவைத்தால் நாவல் செத்துவிடாதா? ஆர்வெல்லின் ‘1984’கூட ஓபராவாகியிருக்கிறதாம். இந்தக் கதைகளுக்கெல்லாம் பாட்டு எதற்கு?

ம.

அன்புள்ள ம,

சிரிப்பு வந்ததில் தப்பில்லை. பழகாத காதுக்கு ஓபரா முதலில் அப்படித்தான் இருக்கும். ஆனால் கறுப்பு வேன் கேள்விக்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. தெருக்கூத்தில் துச்சாதனன் கூந்தலைப் பிடித்து இழுக்கும்போது திரௌபதி பாடுகிறாள். இந்த நேரத்தில் இவள் ஏன் பாடுகிறாள் என்று விடிய விடிய உட்கார்ந்திருக்கும் யாரும் கேட்பதில்லை. பாட்டு நமக்குத்தான். கதைக்குள் இருப்பவர்களுக்கு அது பேச்சு, அல்லது வெளியே கேட்காத மனவோட்டம்.

இரண்டாவது கேள்விதான் கனமானது. காதோடு பேசுகிறாள் என்கிறீர்கள், உண்மை. ஆனால் நாவலின் கடைசிப் பகுதியை இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள். 2195-ல் ஒரு வரலாற்றுக் கருத்தரங்கு நடக்கிறது. பேராசிரியர் ஒருவர் பழைய இரும்புப் பெட்டியில் கிடைத்த சுமார் முப்பது கேசட்டுகளைப் பற்றிப் பேசுகிறார். வெளியே எல்விஸ் பிரெஸ்லி, லிதுவேனிய நாட்டுப்பாடல் என்று லேபிள். போட்டால் முதலில் இரண்டு மூன்று பாட்டு ஓடும். பிறகு பாட்டு அறுந்து அவள் குரல் வரும். ஆக, அவள் அதை எழுதவே இல்லை, வாயால் சொல்லி, பாட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். இந்த நாவலை ஒரு இசையமைப்பாளர் கையில் எடுத்தது எனக்கு அதனால்தான் விநோதமாகப் படவில்லை.

அவர் டென்மார்க்கின் பௌல் ரூடர்ஸ். லிப்ரெட்டோ, அதாவது பாடுவதற்கான பிரதி, பால் பென்ட்லி ஆங்கிலத்தில் எழுதியது. 2000 மார்ச்சில் கோபன்ஹேகனில் ராயல் டேனிஷ் ஓபரா அதை டேனிஷ் மொழியில் மேடையேற்றியது. 2003-ல் லண்டனிலும் மினசோட்டாவிலும் ஆங்கிலத்தில் வந்தது. தொலைக்காட்சித் தொடருக்கு வயது இதைவிடக் குறைவு, அது 2017-ல்தான் ஆரம்பித்தது. நாவலில் கடைசியில் வரும் கருத்தரங்கை இவர்கள் தொடக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் நாம்தான் அதற்கு வந்த பிரதிநிதிகள்.

இந்த ஓபராவின் பெரிய யோசனை கதாநாயகியை இரண்டாக்கியது. சிவப்பு அங்கிக்குள் இருக்கும் ஆஃப்ரெட் ஒருத்தி. கிலியட் வருவதற்கு முன்பு கணவன், மகள், வேலை என்று இருந்த அதே பெண் இன்னொருத்தி. இரண்டு பாடகிகள், இருவருமே மெஸோ சோப்ரானோ, அதாவது பெண் குரலில் நடு ஸ்தாயி, ஒரே உயரத்துக் குரல். இரண்டாம் அங்கத்தில் பறிபோன மகளை நினைத்து இருவரும் சேர்ந்து பாடும் இடம் ஒன்று உண்டு. இழந்தவளும் இன்னும் இழக்காதவளும் சேர்ந்து பாடுகிறார்கள். குரல்கள் பின்னிக்கொள்ளும்போது எந்த வரி யாருடையது என்று பிரிக்க முடியாது. நாவலில் அட்வுட் ஒரு பத்தியில் இன்றும் அடுத்த பத்தியில் அன்றுமாகத்தான் போக முடியும், சொற்களுக்கு வரிசை உண்டு. தொலைக்காட்சியும் வெட்டி வெட்டித்தான் காட்டும். இரண்டு காலத்தையும் ஒரே நொடியில் ஒலிக்கவிட இசையால்தான் முடியும். இந்த நாவலை ஏன் பாட வேண்டும் என்று கேட்டால் என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

இன்னொன்று கோரஸ். இந்தப் பெண்களைப் பழக்கும் சிவப்பு மையத்தில் அவர்களில் ஒருத்தியான ஜனீன் தனக்கு நேர்ந்த கூட்டு வன்புணர்வைச் சொல்லும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? யாருடைய தப்பு என்று கேட்கிறாள் அத்தை, அங்கே பயிற்சி கொடுக்கும் பெண்களுக்கு அதுதான் பட்டம். அவள் தப்பு, அவள் தப்பு என்று மற்ற பெண்கள் ஒரே குரலில் ஓதுகிறார்கள். அதை மனதாரச் சொன்னோம் என்று கதைசொல்லியே ஒத்துக்கொள்கிறாள். நாவலிலேயே அது கோரஸ்தான். கூட்டமாகக் குரல் எழுப்பும்போது தனியாளுக்கு என்ன ஆகிறது என்பதை ஓபரா காலங்காலமாகச் செய்துவருகிறது, இங்கே அதற்குப் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியிருக்கவில்லை. ‘அமேசிங் கிரேஸ்’ என்ற கிறிஸ்தவப் பாடலையும் ரூடர்ஸ் இசைக்குள் கொண்டுவருகிறார். விடுதலை என்ற சொல் வரும் பாடல்கள் ஆபத்தானவை என்று கிலியட் ஒதுக்கி வைத்திருக்கிறது. நாவலில் ஆஃப்ரெட் அந்தப் பாட்டைத் தலைக்குள்தான் பாடிக்கொள்வாள், வரிகள் சரியா என்றுகூட அவளுக்கு நிச்சயமில்லை.

2019-ல் பாஸ்டன் லிரிக் ஓபரா செய்ததையும் சொல்லிவிடுகிறேன். நாவல் பழைய உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில்தான் ஆரம்பிக்கிறது, பெண்களை அடைத்துவைத்துப் பழக்கும் இடம் அது. பாஸ்டன்காரர்கள் ஓபரா அரங்கை விட்டுவிட்டு ஹார்வர்டின் கூடைப்பந்துக் கூடத்தில் இதை நடத்தினார்கள். கதை நடப்பதும் ஹார்வர்ட் இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரில்தான்.

சரி, நஷ்டமே இல்லையா? உண்டு. ஆஃப்ரெட்டின் கிண்டல் போய்விடுகிறது. சாப்பாட்டில் வரும் வெண்ணெயைச் செருப்புக்குள் ஒளித்து எடுத்துப்போய், இரவில் முகத்தில் தடவிக்கொள்வாள். அதைச் சொல்லும்போது அவளிடம் ஒரு வறண்ட சிரிப்பு இருக்கும். மெஸோ குரலுக்கும் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கும் அந்தச் சிரிப்பு பிடிபடாது. காட்சிகளும் குட்டி குட்டியாக அதிகம், நாவல் தெரியாதவர் தடுமாறத்தான் செய்வார். லிடியா அத்தைக்குக் கொடுத்திருக்கும் கீச்சென்ற உச்ச ஸ்தாயி எனக்கே சில இடங்களில் தாங்கவில்லை. தாங்கக் கூடாது என்றுதான் ரூடர்ஸ் அப்படி எழுதியிருக்கிறார் என்பது வேறு விஷயம். நீங்கள் பார்த்த துண்டு அதுபோல ஒரு இடமாக இருந்தால் உங்கள் சிரிப்பை நான் குறை சொல்ல மாட்டேன்.

‘1984’ லோரின் மாசெல் இசையமைத்தது. 2005-ல் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் அவரே நடத்தினார், செலவில் ஒரு பங்கை அவருடைய சொந்த நிறுவனமே போட்டது. விமர்சகர்கள் பெரும்பாலும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எந்த நாவலையும் பாடிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளே ஒரு குரல் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

கேட்கலாமா என்றால், கோபன்ஹேகன் தயாரிப்பின் ஒலிப்பதிவை டகாப்போ நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. டேனிஷ்தான், பயப்பட வேண்டாம், நாவல் படித்தவருக்கு எந்தக் காட்சி என்று பிடிபட்டுவிடும். காணொளி வேண்டாம், வெறும் ஒலியாகக் கேளுங்கள். முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். இரண்டாம் அங்கத்தில் அந்த இரண்டு பெண்களும் சேர்ந்து பாடும் இடத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் அதைப் பற்றிப் பேசுவோம்.