கணினி கேள்வி-பதில்: 100 எம்பிபிஎஸ் போட்டும் 12 தான் வருகிறதா?

வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. டவுன்லோடு செய்தால் 11, 12 என்றுதான் காட்டுகிறது. பின்பக்க அறையில் 2, 3-க்கு இறங்கிவிடுகிறது. குறைத்துத் தருகிறார்களா?
– வாசகர், மார்த்தாண்டம்

முன்பக்கத்தில் குறை ஒன்றும் இல்லை. திட்டத்தில் சொல்வது மெகாபிட் கணக்கு, டவுன்லோடில் தெரிவது மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. ஆகவே 11, 12 வந்தால் கட்டிய பணத்துக்கு வேகம் வருகிறது. 1 ஜிபி கோப்பு ஒன்றரை நிமிடத்தில் இறங்கிவிடும்.

பின்பக்க அறையில் வைஃபைதான் பிரச்சினை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வெட்டுக்கல் சுவர் நல்ல கனம். ஒவ்வொரு சுவரிலும் சிக்னல் குறையும். இப்போதைய ரூட்டர்களில் பெரும்பாலும் இரண்டு அலைவரிசை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டத் திணறும். 2.4 வேகம் குறைவு, தூரம் அதிகம். போனில் வைஃபை பெயர் '5ஜி' என்று முடிந்தால் அது 5 கிகாஹெர்ட்ஸ். சிம்மில் வரும் 5ஜி வேறு.

முதலில் லேப்டாப்பை லேன் கேபிளால் ரூட்டரில் செருகி, மற்ற போன்களின் வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீடு டெஸ்ட் பாருங்கள். 90-க்கு மேல் வந்தால் லைன் சரி. பிறகு ரூட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, வீட்டின் நடுப்பகுதியில் ஆள் உயரத்தில் மாட்டுங்கள். அப்படியும் எட்டாவிட்டால் பின் அறைக்கு லேன் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு ரூட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் முறை) வையுங்கள். என் பரிந்துரை இதுதான். வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் விலை குறைவு, ஆனால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதையும் சிக்னல் வராத அறையில் வைத்தால் பயனில்லை. பாதி வழியில் வைக்க வேண்டும்.

இடிமழைக்குப் பிறகு மோடத்தில் சிவப்பு விளக்கு மினுங்குகிறது. அணைத்துப் போட்டும் மாறவில்லை.
– வாசகி, குலசேகரம்

'எல்ஓஎஸ்' என்று எழுதிய விளக்குதானே? ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். மரக்கிளை விழுந்து வெளியே கேபிள் அறுந்திருக்கலாம். பின்னால் செருகியிருக்கும் மெல்லிய வயர் மடங்கியிருக்கிறதா, முனை முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முனையைக் கழற்றி உள்ளே உற்றுப் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும். ரீசெட் துளையில் குத்தவும் வேண்டாம், செட்டிங்ஸ் அழிந்துவிடும். 'எல்ஓஎஸ் சிவப்பு' என்று கம்பெனியில் சொன்னாலே புரிந்துகொள்வார்கள்.

ஃபைபர் இழை கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. மோடம் கருகுவது பெரும்பாலும் அடாப்டர் வழியாக வரும் மின்னலால்தான். ஐப்பசி இடி தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். கணினியில் 931 ஜிபி என்கிறது.
– வாசகர், தக்கலை

டிஸ்க் சரியானதுதான். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது.

'மின்கட்டணம் பாக்கி, இன்றிரவு கரண்ட் கட்' என்று மெசேஜ் வந்தது. லிங்க்கில் ஹெச்டிடிபிஎஸ் இருக்கிறது. நம்பலாமா?
– வாசகி, குளச்சல்

நம்பாதீர்கள். நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே ஹெச்டிடிபிஎஸ் உத்தரவாதம். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. மோசடிக்காரரும் அதை இலவசமாகவே பெறலாம். முகவரியில் 'ஹெச்டிடிபிஎஸ்', அதை ஒட்டிய இரட்டைச் சாய்கோடு இரண்டையும் விட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோடு வரை பாருங்கள். அதற்கு இடப்பக்கம் கடைசியாக இருப்பதுதான் உண்மையான சொந்தக்காரர். 'டிஎன் டாட் கவ் டாட் இன்' என்பது நடுவில் வந்து, முடிவில் வேறு பெயர் இருந்தால் அது அரசுத் தளம் அல்ல. 'ஏபிகே' என்று முடியும் கோப்பு வந்தால் தொடவே வேண்டாம். அது பில் அல்ல, போனில் செயலியை நிறுவும் கோப்பு. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

கோயில் கொடை நோட்டீஸை டிடிபி கடையில் அடித்து வாங்கினோம். வீட்டில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தாக இருக்கிறது.
– வாசகர், தோவாளை

இடையிடையே அரைப்புள்ளிகள் நிறையத் தெரிந்தால் அது பாமினி எழுத்துரு. அதில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளிச் சாவியில் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் தெரியும். படிக்க மட்டும் என்றால் கடையில் பிடிஎஃப் ஆக வாங்குங்கள். திருத்தவும் வாட்ஸ்அப்பில் போடவும் வேண்டுமென்றால் எல்லாக் கணினியிலும் போனிலும் தெரியும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றும்போது நோட்டீஸில் உள்ள ஆங்கிலச் சொற்களும் இமெயில் முகவரியும் தமிழாகிச் சிதைந்துவிடும், அவற்றைக் கையால் திரும்ப அடியுங்கள்.