மருந்து ட்ரையலில் (புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில்) கையெழுத்துப் போட்டபின் விலக முடியுமா?

விலகலாம்ங்க, எப்ப வேணும்னாலும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. விலகினதுக்காக வழக்கமான வைத்தியத்தை நிறுத்தவும் கூடாது.

அப்பாவுக்கு பிசிஜி (சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பைக்குள்ளயே செலுத்தற மருந்து) போட்டும் சிறுநீர்ப்பையில கட்டி திரும்ப வந்திருக்கு, ட்ரையல்ல சேர்ந்தா நடுவுல வர முடியாதுன்னு பக்கத்து பெட்காரர் சொன்னார்னு எழுதியிருக்கீங்க. மருந்தை நிறுத்தின பிறகும் பரிசோதனைக்கு வரச் சொல்வாங்க. அதைத்தான் அவர் அப்படிப் புரிஞ்சிருப்பார்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழ்லயே கேளுங்க, நகலும் வாங்கிக்குங்க. எங்க மாமா திருப்பூர்ல சாயப்பட்டறையில வேலை பார்த்தவர். அவருக்கும் இதே நோய் வந்தப்ப படிவத்தை மஞ்சப்பையில வெச்சு ஊருக்குக் கொண்டாந்து, திண்ணையில உக்காந்து வரிவரியா கோடு போட்டுப் படிச்சோம். அவசரப்படுத்தினா "வீட்டுல பேசிட்டு வர்றோம்ங்க"ன்னு தைரியமா சொல்லுங்க.

படிவத்துல நெறிமுறைக் குழுவோட (ட்ரையல்ல சேர்றவங்க நலனைக் கண்காணிக்கற குழு) போன் நம்பர் இருக்கான்னு பாருங்க. சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவுல நடக்கற ட்ரையல்களோட அரசுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அவங்க இணையதளத்துல தேடிப் பாருங்க. ட்ரையலால பாதிப்பு வந்தா வைத்தியம் இலவசம்னு புது மருந்து, மருந்து ட்ரையலுக்கான 2019 அரசு விதிகள்லயே இருக்கு.

ஒரே ஒரு எச்சரிக்கை. பயாப்சி ரிப்போர்ட்டுல 'ஹை கிரேடு'ன்னு (வேகமா வளரக்கூடிய வகை) இருந்தா, கட்டி தசைக்குள்ள போயிருக்கான்னு கேளுங்க. போயிருந்தா சிறுநீர்ப்பையை எடுக்கற ஆபரேஷனைத் தள்ளிப்போடறது ஆபத்து. போகலைன்னாலும், மருந்து கேக்கலைன்னா எத்தனாவது மாசம் ஆபரேஷனுக்கு மாறுவாங்கன்னு சேர்றதுக்கு முன்னாலயே டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்குங்க. அப்பாவுக்குப் பீடிப் பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க.