விமானிக்கு மனச்சோர்வு வந்தால்

அன்புள்ள ஐயா,

விமானிகள் பயமில்லாமல் மனநல சிகிச்சை பெற வழி வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 2015இல் ஜெர்மன்விங்ஸ் என்ற ஜெர்மன் விமான நிறுவனத்தின் துணை விமானி வேண்டுமென்றே விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதினாரே, 150 பேர் செத்தார்களே! மனச்சோர்வு வந்தவரை அப்புறம் காக்பிட்டில் ஏற்றாமல் இருப்பதுதானே பாதுகாப்பு? அப்படிப்பட்டவர் ஓட்டும் விமானத்தில் உங்கள் குடும்பத்தை ஏற்றுவீர்களா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அதே விபத்தைத்தான் நானும் ஆதாரமாகக் காட்டுவேன்.

அந்தத் துணை விமானிக்கு 2009இலேயே மனச்சோர்வுக்காக, பறப்பதற்கான மருத்துவத் தகுதிச் சான்று நிறுத்தப்பட்டது. நோய் திரும்பினால் சான்று செல்லாது என்ற நிபந்தனையோடுதான் திரும்பக் கொடுத்தார்கள். 2014 டிசம்பரில் நோயின் அறிகுறிகள் திரும்பின. பல டாக்டர்களைப் பார்த்தார். விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு டாக்டர் மனநல மருத்துவமனையில் சேரச் சொன்னார். வேலைக்குப் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்த சீட்டு அவர் வீட்டில் கிழிந்து கிடந்தது. நோய் திரும்பிய விஷயத்தை விமான நிறுவனத்திடம் அவரும் சொல்லவில்லை, டாக்டர்களும் சொல்லவில்லை. டாக்டர்களின் வாயை ஜெர்மனியின் ரகசியக் காப்புச் சட்டம் கட்டியிருந்தது. துணை விமானியின் வாயைக் கட்டியது எது? பிரெஞ்சு விசாரணை அமைப்பின் அறிக்கை அதையும் சொல்கிறது: பயிற்சிக்கு வாங்கிய கடன் பாக்கி இருந்தது, தகுதி போனால் வருமானத்தை ஈடுகட்டக் காப்பீடு இல்லை.

நீங்கள் கேட்கும் தடையும் புதிதல்ல. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் பறக்கக் கூடாது என்பதுதான் அமெரிக்காவில் 2010 வரை விதி. அந்த ஆண்டு நான்கு மருந்துகளை மட்டும் அனுமதித்தார்கள், அதுவும் மருந்து எடுப்பவர் நீண்ட நாள் காத்திருந்த பிறகுதான் பறக்கலாம். தகுதிச் சான்றுக்கான படிவம் கேட்பதைப் பாருங்கள்: வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு, பதற்றம் உண்டா? கடந்த 3 ஆண்டுகளில் எந்தெந்த மருத்துவரைப் பார்த்தாய்? பொய் சொன்னால் 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. மனைவியைப் பறிகொடுத்து ராத்திரியில் தூக்கம் வராத ஒருவர் இந்தப் படிவத்தை நினைத்துக்கொண்டு கவுன்சலிங் போவாரா? தகுதி பறிபோகுமோ என்று மருத்துவரைத் தவிர்த்ததுண்டு என 2022இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க விமானிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். எனக்குப் பயம் தருவது இதுதான்.

எல்லா நோயோடும் பறக்கலாம் என்று நான் சொல்லவில்லை. நிஜம் எது, பிரமை எது என்று பிரித்தறிய முடியாத நிலையில் இருப்பவரைத் தரையில் நிறுத்தத்தான் வேண்டும்.

ஐரோப்பாவில் 2021 முதல், விமானிகள் சக விமானிகளிடமே மனம் விட்டுப் பேசும் ஆதரவுத் திட்டம் விமான நிறுவனங்களுக்குக் கட்டாயம். அமெரிக்க விமானத் துறை நியமித்த நிபுணர் குழு 2024இல் 24 பரிந்துரைகள் தந்தது. கவுன்சலிங் போனதைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்பது அவற்றில் ஒன்று. நல்ல தொடக்கம்.

குடும்பத்தை ஏற்றுவேனா என்று கேட்டீர்கள். சிகிச்சை எடுத்து, குணமாகி, மருத்துவக் கண்காணிப்பில் பறக்கிறவர் என்றால் தாராளமாக ஏற்றுவேன். அவர் நிலைமை, தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் தரையில் நிற்கும் மாதங்களில் சம்பளம் யார் தருவது? அதற்கு வழி செய்யாதவரை, வீட்டுக் கடன் கட்டும் விமானி டாக்டர் வீட்டுப் பக்கம் போக மாட்டார்.